இரண்டாம் திரை

நுழையுமுன்

புதிய கருவியை வாங்குவது எளிது. கையில் இருக்கும் கருவியை முழுமையாகப் பயன்படுத்துவதற்கு அறிவு வேண்டும். அலமாரியில் பயனின்றிக் கிடந்த ஒரு கைக்கணினி, ஒரு முதியவரின் வாழ்நாள் உழைப்பைப் பிழையின்றிப் படியெடுக்க எவ்வாறு உதவியது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

குறிப்பேடுகளும் பேத்தியும்

நாக்பூரின் இரயில்வே குடியிருப்பில் தமிழ்க் குடும்பம் ஒன்று வாழ்கிறது. தந்தையின் பணிமாறுதலால் அங்குக் குடியேறிய குடும்பம் அது. மகன் கல்லூரியில் பயில்கிறான். ஒன்பதாம் வகுப்பில் பயிலும் மகள், தமிழை விருப்ப மொழியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறாள்.

கும்பகோணத்தை அடுத்த சிற்றூரில் வாழும் அவளுடைய தாத்தா, தொடக்கப்பள்ளி ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். தம் ஊரில் வழங்கிய பழமொழிகள், விடுகதைகள், உழவர்தம் பேச்சில் மட்டுமே வாழும் சொற்கள் ஆகியவற்றை முப்பது ஆண்டுகளாகக் குறிப்பேடுகளில் எழுதி வந்தார். அவற்றுக்கு வேறு படி கிடையாது. இப்போது அவருக்குப் பார்வை மங்கி வருகிறது. தம் கையெழுத்தையே அவரால் படிக்க இயலவில்லை. பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கொடுத்தால் இன்னும் சில காலம் படிக்கலாம்.

மாமா அக்குறிப்பேடுகளின் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பி வைத்தார். தட்டச்சு செய்யும் பொறுப்பைப் பேத்தி மகிழ்வுடன் ஏற்றாள். வீட்டில் இருந்தது பதினான்கு அங்குல மடிக்கணினி ஒன்று. அதன் திரையில் பக்கத்தின் படத்தையும் தட்டச்சுப் பக்கத்தையும் அருகருகே வைத்தால் இரண்டுமே சிறுத்துப்போயின. ஒன்றை மறைத்து மற்றொன்றைத் திறந்தால், எந்த வரியில் விட்டோம் என்பது மறந்துபோயிற்று.

நாற்பது பக்கங்கள் முடிந்ததும் அவள் தொலைபேசியில் தாத்தாவுக்குப் படித்துக் காட்டினாள். சிறிது நேரம் கேட்ட தாத்தா சிரித்துவிட்டார்.

“கண்ணு, கிணற்றைப் பற்றிய விடுகதைக்குப் புளியம்பழம் எப்படியம்மா விடையாகும்? நடுவில் நான்கு வரிகள் விட்டுப்போயிருக்கும், பார்.”

அவள் பார்த்தாள். விட்டுத்தான் போயிருந்தது. தேடத் தேட, அதைப்போன்ற இடங்கள் மேலும் பதினொன்று கிடைத்தன. தாத்தா சிரித்தாரேயன்றிக் கடிந்துகொள்ளவில்லை. ஆயினும் அவளால் சிரிக்க இயலவில்லை. அக்குறிப்பேடு அழிந்துபோனால் அவள் தட்டச்சு செய்ததே நிலைத்திருக்கும். அதில் உள்ள பிழையே பின்னாளில் உண்மை எனக் கருதப்படும் என்பது அவளுக்குப் புரிந்தது.

அலமாரியில் இருந்த விடை

“பெரிய திரை ஒன்று வாங்கித் தரட்டுமா?” என்று தந்தை கேட்டார். அடுத்த பணிமாறுதலின்போது அதையும் சுமக்க வேண்டுமே என்று தாய் தயங்கினார். அப்போது அண்ணன் அலமாரியைத் திறந்து, 2020ஆம் ஆண்டில் இணையவழி வகுப்புகளுக்காக வாங்கிய கைக்கணினியை எடுத்து வந்தான். மக்கள் வழக்கில் ‘டேப்லெட்’ எனப்படுவது அதுவே. புதிய செயலிகள் அதில் மெதுவாக இயங்கின. அதனால் அதை எவரும் தொடுவதில்லை.

“இதுதான் மெதுவாகிவிட்டதே, அண்ணா. இதில் எப்படித் தட்டச்சு செய்வது?” என்றாள் தங்கை.

“தட்டச்சு செய்ய வேண்டாம். இதன் மூளை களைத்திருக்கலாம். திரை நன்றாகத்தானே இருக்கிறது! அந்தத் திரையை மட்டும் நாம் கடன் வாங்குவோம். எண்ணும் வேலையை மடிக்கணினி பார்த்துக்கொள்ளும்” என்றான் அண்ணன்.

திரை விரியும் முறை

கணினியுடன் மற்றொரு திரையை இணைக்கும்போது இரண்டு வழிகள் உண்டு. ஒரே காட்சியை இரு திரைகளிலும் காட்டுவது முதல் வழி. வகுப்பறையில் ஒளிவீழ்த்தியைப் பயன்படுத்தும்போது நிகழ்வது இதுவே. ஒரு திரையின் தொடர்ச்சியாக மற்றொரு திரையை அமைப்பது இரண்டாம் வழி. இதனை விரிதிரை எனலாம். சுட்டி, முதல் திரையின் ஓரத்தைத் தாண்டியதும் இரண்டாம் திரையில் தோன்றும். அருகருகே போடப்பட்ட இரண்டு மேசைகள், ஒரே மேசையாகப் பயன்படுவதைப் போன்றது இது.

கைக்கணினியை இவ்வாறு இணைக்க ஒரு மென்பொருள் தேவை. அம்மென்பொருள், உண்மையில் இல்லாத ஒரு திரை இருப்பதாகக் கணினியிடம் கூறுகிறது. கணினி அதை நம்பி, அந்தக் கற்பனைத் திரைக்கான காட்சியை வரைகிறது. வரைந்த காட்சி சுருக்கப்பட்டு, வைஃபை வழியாகவோ யு.எஸ்.பி. வடம் வழியாகவோ கைக்கணினியை அடைகிறது. கைக்கணினி அதை மீண்டும் விரித்துத் தன் திரையில் காட்டுகிறது. ஒரு நொடிக்குள் பலமுறை இவ்வாறு நிகழ்வதால், கண்ணுக்கு அது தொடர்ந்த காட்சியாகத் தெரிகிறது.

காட்சியைச் சுருக்குவது ஏன்? ஒரு கணக்கு இதனைத் தெளிவாக்கும். 1920 × 1080 அளவுள்ள திரையில் 20,73,600 படப்புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் குறிக்க 24 பிட்டுகள் வேண்டும். நொடிக்கு 60 முறை காட்சியைப் புதுப்பித்தால், ஒரு நொடிக்கு ஏறத்தாழ 299 கோடி பிட்டுகள் ஆகும். யு.எஸ்.பி. 2.0 வடத்தின் உச்ச வேகமோ நொடிக்கு 48 கோடி பிட்டுகளே. ஆறு மடங்குக்கும் மேலான சுமையை அப்படியே அனுப்ப இயலாது. எனவே, மாறாத பகுதிகளைத் திரும்ப அனுப்பாமல், மாறிய பகுதிகளை மட்டும் சுருக்கமாக அனுப்பும் காணொலிச் சுருக்க முறை கையாளப்படுகிறது.

சுருக்கவும் விரிக்கவும் சிறிது நேரம் ஆகும். அதனால் கைக்கணினியில் காட்சி சற்றே பிந்தித் தோன்றும். நூலைப் படிக்கவும் படத்தைப் பார்க்கவும் அத்தாமதம் இடையூறு ஆகாது. விரைவான விளையாட்டுக்கோ காணொலித் தொகுப்புக்கோ அது பொருந்தாது. ஆகவே, அசையாத பக்கத்தைக் கைக்கணினியிலும், எழுதும் பக்கத்தை மடிக்கணினியிலும் வைப்பதே முறையாகும்.

இணைக்கும் படிநிலைகள்

விண்டோஸ் கணினியுடன் ஆண்ட்ராய்டு கைக்கணினியை இணைக்க ஸ்பேஸ்டெஸ்க், டூயட் டிஸ்பிளே முதலிய மென்பொருள்கள் உள்ளன. அண்ணன் பின்பற்றிய படிநிலைகள் வருமாறு:

1. கணினிக்குரிய மென்பொருளை அதன் அதிகாரப்பூர்வ இணையதளத்திலிருந்து நிறுவுதல்.
2. கைக்கணினிக்குரிய செயலியை அதன் செயலிக் கடையிலிருந்து நிறுவுதல்.
3. இரு கருவிகளையும் வீட்டின் ஒரே வைஃபையில் இணைத்தல்.
4. கைக்கணினியில் செயலியைத் திறந்து, அங்குத் தோன்றும் கணினியின் பெயரைத் தொடுதல்.
5. கணினியில் விண்டோஸ் விசையையும் ‘பி’ விசையையும் ஒருசேர அழுத்தி, திரையை விரிக்கும் தெரிவைத் தேர்ந்தெடுத்தல்.
6. கணினியின் திரை அமைப்புகளில் தோன்றும் இரண்டு கட்டங்களை, மேசையில் திரைகள் இருக்கும் வரிசைப்படி இழுத்து வைத்தல்.
7. கைக்கணினியில் எழுத்துகள் சிறிதாகத் தெரிந்தால், அத்திரைக்கு மட்டும் எழுத்தின் அளவை 125 அல்லது 150 விழுக்காடாக உயர்த்துதல்.

ஆறாம் படியைப் பலர் விட்டுவிடுகின்றனர். கைக்கணினி இடப்பக்கம் இருக்க, கணினியோ அதை வலப்பக்கம் இருப்பதாக எண்ணினால், சுட்டி எதிர்த்திசையில் சென்று மறையும். தங்கையும் முதலில் சுட்டியைக் காணாமல் திகைத்தாள். கட்டத்தை இடப்பக்கம் இழுத்து வைத்ததும் சிக்கல் தீர்ந்தது.

ஐந்தாம் படியிலும் கவனம் தேவை. நான்கு தெரிவுகளுள் இரண்டாம் திரையில் மட்டும் காட்டுவதைத் தவறுதலாகத் தேர்ந்தெடுத்தால் மடிக்கணினியின் திரை இருண்டுவிடும். அஞ்ச வேண்டியதில்லை, அதே விசைகளை மீண்டும் அழுத்தி மாற்றிக்கொள்ளலாம்.

ஆப்பிள் நிறுவனக் கருவிகளில் இவ்வசதி உள்ளமைந்தே வருகிறது. 2019ஆம் ஆண்டில் மேக் கணினிக்கும் ஐபேடுக்கும் அறிமுகமான அதன் பெயர் சைட்கார். இரு கருவிகளும் ஒரே பயனர் கணக்கில் இருக்க வேண்டும். வடமின்றி இணைக்கும்போது பத்து மீட்டர் தொலைவுக்குள் இருக்க வேண்டும். சாம்சங் நிறுவனத்தின் சில கைக்கணினிகளிலும் இரண்டாம் திரையாகப் பயன்படும் வசதி உள்ளமைந்துள்ளது.

தவறான வடம்

பலரும் செய்யும் பிழை ஒன்று உண்டு. தொலைக்காட்சியை இணைக்கும் எச்.டி.எம்.ஐ. வடத்தை வாங்கி, அதன் ஒரு முனையைக் கணினியிலும் மறுமுனையை இணைப்பி ஒன்றின் துணையுடன் கைக்கணினியிலும் செருகிப் பார்ப்பர். திரையில் ஒன்றும் தோன்றாது. பெரும்பாலான கைக்கணினிகளின் துளை காட்சியை வெளியே அனுப்பவல்லதாக இருக்கலாம். உள்ளே பெறவல்லது அன்று. தண்ணீர்க் குழாயின் வாய்க்குள் தண்ணீரை ஊற்ற முயல்வது போன்றது இது. 2021ஆம் ஆண்டில் வெளிவந்த லெனோவா யோகா டேப் 13 போன்ற மிகச் சில கருவிகளே காட்சியை நேரடியாகப் பெறும் துளையைக் கொண்டவை. மற்றவற்றுக்கு மென்பொருளே வழி. கைக்கணினிக்கு மின்னேற்றம் செய்யும் வடம், தரவையும் கடத்துமாயின் அதுவே போதுமானது. வைஃபை தடுமாறும் இடங்களில் அவ்வடமே உறுதியான துணை.

காக்க வேண்டியவை

பழங்கருவியைப் பயன்படுத்துமுன் அதன் உடல்நிலையை ஆராய வேண்டும். அண்ணன் முதலில் செய்த வேலையும் அதுவே. கைக்கணினியை மேசைமீது மல்லாக்க வைத்து, அது ஆடுகிறதா, திரை எங்கேனும் மேலெழுந்துள்ளதா என்று பார்த்தான். முதுகுப்புறம் உப்பியிருந்தால் உள்ளிருக்கும் லித்தியம் அயனி மின்கலம் கெட்டுவிட்டது என்பது பொருள். அத்தகைய கருவிக்கு மின்னேற்றம் செய்யக்கூடாது. அழுத்தவோ குத்தவோ கூடாது. அது தீப்பற்றக்கூடும். பழுதுநீக்கும் நிலையத்திடமோ மின்னணுக் கழிவைப் பெறும் நிலையத்திடமோ அதை ஒப்படைக்க வேண்டும். வீட்டுக் குப்பையுடன் சேர்க்கக்கூடாது. மின்னணுக் கழிவை முறையாகக் கையாள்வதற்கான 2022ஆம் ஆண்டு விதிகள், இந்தியாவில் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன.

நல்வாய்ப்பாக, அவர்களுடைய கைக்கணினியின் மின்கலம் நலமாக இருந்தது. எனினும், நெடுநேரம் மின்னேற்றிக்கொண்டே பயன்படுத்தினால் கருவி சூடேறும். எனவே அதை மெத்தையின்மீதோ தலையணையின்மீதோ வைக்காமல், காற்றுப் படும்படி மரத்தாங்கியில் நிறுத்தினர். திரையின் ஒளியையும் குறைத்தனர்.

வீட்டுக்கு வெளியே இவ்விணைப்பைப் பயன்படுத்துவோர் மற்றொன்றையும் எண்ண வேண்டும். இரண்டாம் திரையில் தோன்றுவது யாவும் வலையமைப்பின் வழியே செல்கிறது. ஆகையால் பொது இடங்களின் வைஃபையைத் தவிர்த்து வடத்தைப் பயன்படுத்துவதே நன்று. பள்ளி வழங்கிய கைக்கணினியாயின், அதில் செயலி நிறுவ ஆசிரியரின் ஒப்புதல் பெற வேண்டும்.

கவனம் என்னும் செல்வம்

திரை இரண்டானால் வேலை இருமடங்கு விரைவில் முடியும் என்று கருதுவது தவறு. இரண்டாம் திரையில் எதை வைக்கிறோம் என்பதைப் பொறுத்தே பயன் அமையும். ஒரு திரையில் பாடமும் மறுதிரையில் அரட்டையும் இருந்தால் மனம் இரண்டாகப் பிளவுபடும். ஒரு திரையில் மூலமும் மறுதிரையில் படியும் இருந்தாலோ மனம் ஒன்றாகக் குவியும். தங்கை அதை அனுபவத்தில் உணர்ந்தாள். முதல் நாள், கைக்கணினிக்கு வந்த அறிவிப்புகள் தாத்தாவின் கையெழுத்தை மறைத்துக்கொண்டே இருந்தன. மறுநாள் அவ்வறிவிப்புகளை எல்லாம் நிறுத்திவிட்டு அமர்ந்தாள்.

கண்ணுக்கும் ஓய்வு வேண்டும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பால் உள்ள பொருளை 20 நொடிகள் பார்ப்பது நலம் என்பது கண் மருத்துவர்கள் கூறும் அறிவுரை. இரு திரைகளையும் ஏறத்தாழ ஒரே உயரத்தில், ஒரே அளவு ஒளியுடன் அமைத்தால் கண்ணயர்வும் கழுத்துவலியும் குறையும்.

ஏடுகளும் திரைகளும்

இரண்டை அருகருகே வைத்து ஒப்பிடும் தேவை கணினியால் பிறந்தது அன்று. ஓலைச்சுவடிகளைப் பதிப்பித்தவர்கள் நாள்தோறும் செய்த பணி அது. ஏடு பெயர்த்து எழுதுவோர் ஒரு வரியைத் தாண்டிவிட்டால், அப்பிழை அடுத்த படியிலும் தொடரும். அதனால்தான் பதிப்பாசிரியர்கள் ஒரே நூலின் பல சுவடிகளைத் திரட்டி ஒப்புநோக்கினர். உ.வே.சாமிநாதையர் பல ஊர்களுக்கும் சென்று சுவடிகளைத் தேடி, அவற்றை ஒப்பிட்டு ஆராய்ந்து, 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். ஒருவர் ஓர் ஏட்டை உரக்கப் படிக்க, மற்றவர் தம் கையிலுள்ள ஏட்டில் வேறுபாட்டைக் குறிக்கும் முறையும் அந்நாளில் வழக்கில் இருந்தது.

கைக்கணினி, அம்முறையில் எதிரே அமர்ந்து ஏட்டை ஏந்தி நிற்கும் துணைவரின் வேலையைச் செய்கிறது. ஆயினும் வேறுபாட்டைக் காண்பது அதன் வேலையன்று. அது எழுதுபவரின் கண்ணுக்கும் கருத்துக்கும் உரியது.

நிறைவு

தங்கை முதல் பக்கத்திலிருந்து மீண்டும் தொடங்கினாள். இடப்பக்கக் கைக்கணினியில் தாத்தாவின் கையெழுத்து முழுத்திரையில் நின்றது. வலப்பக்க மடிக்கணினியில் அவளது எழுத்து வளர்ந்தது. ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் வரிகளை எண்ணிச் சரிபார்த்தாள். படிக்க இயலாத சொற்களை ஊகித்து எழுதாமல், சிவப்பு நிறத்தில் குறித்து வைத்தாள். ஞாயிறுதோறும் அச்சொற்களைத் தாத்தாவிடம் கேட்டுத் தெளிந்தாள்.

கோடை விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது, பெரிய எழுத்தில் அச்சிட்ட தாள்களைத் தாத்தாவின் மடியில் வைத்தாள். அவர் கண்ணாடியை அணிந்து, தாளை முகத்துக்கு அருகே கொண்டுவந்து, மெல்லப் படித்தார். கிணற்றைப் பற்றிய விடுகதை வந்ததும் நிறுத்தி, விடையைத் தடவிப் பார்த்தார்.

“இப்போது கிணற்றில் தண்ணீர்தான் இருக்கிறது, கண்ணு” என்றார்.

பாட்டி உள்ளிருந்து, “அந்த ஏட்டில் நான் சொன்ன சொற்களும் இருக்கின்றனவா?” என்று கேட்டார். இருந்தன. அடுத்த பக்கத்தைத் தாத்தா அவருக்காக உரக்கப் படிக்கத் தொடங்கினார்.

சொற்பொருள்

படி – பிரதி
ஒப்புநோக்குதல் – இரண்டை ஒப்பிட்டு ஆராய்தல்
விரிதிரை – ஒன்றன் தொடர்ச்சியாக அமையும் மற்றொரு திரை
ஒளிவீழ்த்தி – காட்சியைச் சுவரில் காட்டும் கருவி
படப்புள்ளி – திரைக்காட்சியின் மிகச் சிறிய கூறு
மின்கலம் – பேட்டரி
வடம் – கேபிள்

இலக்கணக் குறிப்பு

விரிதிரை – வினைத்தொகை
பழங்கருவி – பண்புத்தொகை
மங்கிய பார்வை – பெயரெச்சம்
கண்ணயர்வும் கழுத்துவலியும் – எண்ணும்மை

பகுபத உறுப்பிலக்கணம்

பார்த்தாள் – பார் + த் + த் + ஆள்
பார் – பகுதி. த் – சந்தி. த் – இறந்தகால இடைநிலை. ஆள் – பெண்பால் வினைமுற்று விகுதி

பயிற்சிகள்

அ) சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. ஒரு திரையின் தொடர்ச்சியாக மற்றொரு திரை அமைவது
அ) ஒளிவீழ்த்தி ஆ) விரிதிரை இ) படப்புள்ளி ஈ) மின்கலம்

2. ‘பழங்கருவி’ என்னும் சொல்லைப் பிரித்து எழுதக் கிடைப்பது
அ) பழம் + கருவி ஆ) பழ + கருவி இ) பழமை + கருவி ஈ) பழங் + கருவி

3. முதுகுப்புறம் உப்பிய கைக்கணினியை
அ) அழுத்திச் சரிசெய்ய வேண்டும் ஆ) குப்பையில் இட வேண்டும் இ) மின்னேற்ற வேண்டும் ஈ) உரிய நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும்

ஆ) குறுவினாக்களுக்கு விடை எழுதுக.

1. கிணற்றைப் பற்றிய விடுகதைக்குத் தவறான விடை அமைந்தது ஏன்?
2. காட்சியைச் சுருக்கி அனுப்ப வேண்டிய தேவை யாது?
3. எச்.டி.எம்.ஐ. வடத்தால் பெரும்பாலான கைக்கணினிகளை இணைக்க இயலாதது ஏன்?

இ) சிறுவினாக்களுக்கு விடை எழுதுக.

1. “இதன் மூளை களைத்திருக்கலாம், திரை நன்றாகத்தானே இருக்கிறது!” – இடம்சுட்டிப் பொருள் விளக்குக.
2. சுவடிப் பதிப்புக்கும் தங்கையின் பணிக்கும் உள்ள ஒற்றுமையை எழுதுக.

ஈ) நெடுவினாவுக்கு விடை எழுதுக.

இரண்டாம் திரை, கவனத்தைச் சிதறச் செய்யுமா, குவியச் செய்யுமா? பாடக் கருத்துகளுடன் உம் கருத்தையும் இணைத்து எழுதுக.

உ) செயல்பாடு

உம் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம், இப்போது மிகுதியாக வழங்காத பத்துச் சொற்களைக் கேட்டு, பொருளுடன் எழுதுக. எழுதியதை அவரிடமே படித்துக் காட்டித் திருத்தம் பெறுக.